பள்ளியில் தனித்து நிற்கும் பிள்ளை

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள் இவ்வியக்க மேடைகளில் மிகுதியும் பேசப்பெறாதது. வடமொழிக் கலப்பைப் பற்றியும் இந்தித் திணிப்பைப் பற்றியும் பேசிப்பேசித் தொண்டை வறண்டவர்கள் இங்குப் பலர் இருக்கின்றனர். ஆனால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்துள்ள ஒரு வகுப்பறையில், வேற்றுச் சமயத்துப் பிள்ளை ஒன்றே ஒன்று இருக்குமானால், அதற்கு நாள்தோறும் நேர்வது என்ன என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உண்டு. விடை, 'பள்ளி' என்னும் சொல்லிலேயே இருக்கின்றது.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்து மலையில், நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. கிறித்துவிற்கு முற்பட்ட காலத்தவை அவை. சமண முனிவர்க்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கையை அவை குறிக்கும் சொல் 'பள்ளி' என்பதே. (கல்லில் ஓர் ளகரமே இருக்கும், மெய்யிரட்டாது எழுதுவது அக்காலத்து வழக்கம்.) மதுரைக்கு மேற்கே, கீழக்குயிற்குடிச் சமணர் மலைக்குச் சென்றால், அங்கே 9, 10-ஆம் நூற்றாண்டுகளின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும் பள்ளியைச் சார்ந்தோர் பெயர்களைக் காணலாம். இன்ன ஆசிரியர்க்கு மாணாக்கராகிய இன்னார் செய்வித்த திருமேனி இது என்று, ஆசிரியர் பெயரை முன்வைத்து மாணாக்கர் தம் பெயரைப் பொறித்துள்ளனர். படுக்கும் இடத்தைக் குறித்த சொல், துறவியர் உறையுளைக் குறித்து, அத்துறவியர் ஊர்ப் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தமையாற் கல்விக்கூடத்தையும் குறிப்பதாயிற்று என்பர் அறிஞர். இசுலாமியர் தொழுமிடத்திற்குத் தமிழ் மக்கள் வழங்கிய பெயரும் பள்ளிவாசல் என்பதே. ஒரே சொல், சமணர் குகைக்கும் இசுலாமியர் தொழுமிடத்திற்கும் சிற்றூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிய கூடத்திற்கும் பொதுவாய் நின்றது. அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய இடத்தில், சமயத்தைச் சுட்டி ஒரு பிள்ளை இழிக்கப்பெறுமானால், அங்கே முதலில் பொருளிழப்பது தமிழ்ச்சொல்லே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்குன்றுகளில் ஓதிய சமணர் இன்று மதுரையில் எங்கே? எண்ணாயிரவரைக் கழுவேற்றிய செய்தி சேக்கிழார் நூலில் உண்டு. அது வரலாறா, புனைவா என்பதில் அறிஞர்க்குள் வழக்குண்டு. அவ்வழக்கு இங்கு வேண்டா. ஆனால் அதனை வெற்றிக் கதையாகச் சுவைபடச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர், முதல் விசிப்பலகையில் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணப் பிள்ளை ஒன்று இருந்தால் எந்த முகத்தோடு சொல்வார்?

இனி, நாடறிந்த ஒரு நிகழ்ச்சி. 2023 ஆகசுட்டுத் திங்கள் 24-ஆம் நாள், உத்தரப்பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் குப்பாப்பூர் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் வகுப்பின் நடுவே நிறுத்தப்பட்டான். இசுலாமியப் பிள்ளை. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பது குற்றம். அடித்தவர் ஆசிரியை அல்லர். மற்றப் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக எழுப்பி, அவனைக் கன்னத்தில் அறையுமாறு அவர் பணித்தார். மெல்ல அடித்த பிள்ளையை ஏன் மெல்ல அடிக்கின்றாய் என்றும் கேட்டார். அச்சிறுவனின் சமயத்தைச் சுட்டியும் பேசினார். அச்சிறுவனோ அழுதுகொண்டே நின்றான். உறவினர் ஒருவர் எடுத்த படக்காட்சி வெளிவந்திராவிட்டால், அந்த அறைகள் அந்த அறைக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும்.

காந்தியடிகளின் கொள்ளுப்பெயரர் துசார் காந்தி உச்ச அறமன்றத்தை அணுகினார். 2023 செப்தம்பர் 25-ஆம் நாள், நடுவர் அபய் ஓகா, பங்கச்சு மித்தல் ஆகியோர், நிகழ்ந்தது உண்மையாயின் மாநில அரசின் மனச்சான்றே நடுங்க வேண்டும் என்னும் கருத்தில் ஆணையிட்டனர். மூத்த காவல் அதிகாரி உசாவ வேண்டும். அடிபட்ட பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் வாங்கித் தரவேண்டும். உளநல அறிவுரையும் தரவேண்டும் என்பன அவ்வாணையில் அடங்கும். இவற்றோடு மன்றம் சொன்ன ஒன்றைத்தான் ஆசிரியர்கள் ஆழ எண்ண வேண்டும். அடித்த பிள்ளைகளுக்கும் உளநல அறிவுரை வேண்டும் என்றது மன்றம். அதற்கு வழிவகுக்க மும்பைத் தாத்தா குமுகவியற் கழகத்தை அமர்த்தியது. 2024 பிப்பிரவரியில், அடித்த பிள்ளைகட்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்று மாநில அரசைக் கடிந்தும் கொண்டது. ஏன்? அன்று கெடுக்கப்பட்ட பிள்ளை ஒன்றன்று. வரிசையாக எழுந்து வந்து அடித்த அத்தனை பிள்ளைகளும் கெடுக்கப்பட்டனர். பெரியவர் ஒருவர் கைகாட்டினால், அருகில் அமர்ந்து உண்பவனையே அடிக்கலாம் என்னும் பாடத்தை ஏழு அகவையில் கற்றவர்கள் அவர்கள். வாய்பாட்டை மறந்தாலும் அப்பாடத்தை மறக்கமாட்டார்கள்.

"அது வடக்கே, இங்கு அப்படி நடவாது" என்று நெஞ்சு நிமிர்த்துவது தமிழர்க்கு எளிது. அப்பெருமிதத்திற்குச் சிறிது ஏதுவும் உண்டு. 2022 பிப்பிரவரி 19-ஆம் நாள் நகர்ப்புறத் தேர்தலில், மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு வாக்குச்சாவடிக்கு முக்காடிட்டு வந்த இசுலாமியப் பெண்ணை, முக்காட்டைக் களையச் சொல்லிக் கட்சி முகவர் ஒருவர் கூச்சலிட்டார். உடனே மற்றக் கட்சி முகவர்கள் அனைவரும் எழுந்து எதிர்த்தனர், காவலர் அவரை வெளியேற்றினர், வாக்குப்பதிவு தொடர்ந்தது. கருநாடகத்தில் முக்காட்டின்பொருட்டு மாணவியர் கல்லூரி வாயில்களில் நிறுத்தப்பட்டிருந்த அதே திங்களில் மேலூர் மக்கள் காட்டிய நேர்மை அது. ஆனால் அடுத்த ஆண்டே, 2023 நவம்பரில், கோவை அரசுப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பு மாணவியை, மாட்டிறைச்சி உண்பதைச் சுட்டி ஆசிரியரே இழித்துப் பேசினர் என்று பெற்றோர் முறையிட்டனர். கல்வித்துறை உசாவ வேண்டியதாயிற்று. எனவே எல்லைக்கோடு விந்தியத்தில் இல்லை. ஒவ்வொரு வகுப்பறையின் வாயிற்படியிலும் இருக்கின்றது.

மதுரையையே எடுத்துக்கொள்வோர் 2025 பிப்பிரவரித் தொடக்கத்தை மறந்திரார். திருப்பரங்குன்றத்து மலையில் சிக்கந்தர் தர்காவும் அடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோயிலும் நெடுங்காலமாக உள்ளன. மலையுரிமை வழக்கு 1931-இலேயே இலண்டன் வரை சென்று திரும்பியது. அப்பூசல் மீண்டும் மூண்டு, மாவட்டத்தில் தடையாணை இடப்பட்டு, பழங்காநத்தத்தில் பெருங்கூட்டம் கூடியது. மலைவழக்கை மன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஊரில் முழங்கும் முழக்கம் மறுநாட் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்துவிடும். அன்று வருகைப் பதிவின்போது ஓர் இசுலாமியப் பெயரைப் படிக்கையில் ஆசிரியர் குரலில் எழும் சிறு மாற்றத்தையும் பிள்ளைகள் கண்டுகொள்வர். பெரியோர் மறைக்க நினைப்பதைச் சிறியோர் முதலில் அறிவர்.

பள்ளியில் நடப்பவை பெரும்பாலும் செய்தித்தாளில் வருவன அல்ல. மட்டைப்பந்துப் போட்டியில் பாக்கித்தான் தோற்ற மறுநாள் "உன் நாடு தோற்றுவிட்டதே" என்பது. கிறித்தவப் பிள்ளையை 'அல்லேலூயா' என்றே பெயரிட்டு அழைப்பது. நோன்பிருக்கும் பிள்ளையின் முன்னே வேண்டுமென்றே தின்பண்டத்தை நீட்டுவது. உச்சிவேளைச் சோற்றுத் தூக்கைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து அமர்வது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறு விளையாட்டு. இருநூற்றிருபது வேலை நாளும் அதே பிள்ளைமேல் பெய்தால் அது விளையாட்டன்று. அப்பிள்ளை முதலில் உணவைக் கொண்டுவராது. பிறகு கைதூக்கி விடை சொல்லாது. பிறகு வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருக்கும். ஆசிரியர் பதிவேட்டில் 'வருகையின்மை' என்று எழுதுவார். ஏது எழுத அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

விளையாட்டாசிரியர்க்கு ஒரு சொல். இரமலான் திங்களில் உச்சி வெயிலில் திடலைச் சுற்றி ஓடவைப்பது உடற்பயிற்சி ஆகாது. அப்பிள்ளையை நிழலில் அமர்த்தி ஆட்டக் கணக்கைக் குறிக்கச் சொல்லலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

இனிச் சொல்லவிருப்பது இவ்வவையினர்க்கே உரியது, சற்றுக் கசக்கும்.

தனித்தமிழ்ப் பற்றுடைய ஆசிரியர் சிலரே, தம்மையறியாது இக்குற்றத்தைச் செய்கின்றனர். வருகைப் பதிவில் அப்துல் காதர் என்றோ, சேவியர் என்றோ பெயர் வந்தால், "இது தமிழ்ப்பெயரா? இதற்குத் தமிழில் என்ன பொருள்?" என்று வகுப்பின்முன் வினவுவர். தாமே ஒரு தமிழ்ப்பெயரைச் சூட்டி அதனாலேயே அழைப்போரும் உண்டு. உள்ளம் தூயதாக இருக்கலாம். ஆனால் அதே வகுப்பில் இரமேசும் சுரேசும் தினேசும் பத்துப்பேர் இருப்பரே, அவர்களை எழுப்பி இவ்வாறு வினவுவதுண்டா? வடமொழிப் பெயர் கண்ணில் படாமல் அரபுப்பெயர் மட்டும் கண்ணில் குத்துமானால், குத்துவது மொழிப்பற்றன்று. வேறொன்று மொழிப்பற்றின் ஆடையை உடுத்து வந்திருக்கின்றது. சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞர் ஆனதும், வேதாசலனார் மறைமலையடிகள் ஆனதும் கற்றுத் தெளிந்த சான்றோர் தாமே விரும்பிச் செய்தவை. பத்து அகவைப் பிள்ளையின் பெயரை, நாற்பது பேர் சிரிக்க, ஆசிரியர் பிடுங்குவது அதனோடு ஒப்பாகாது. பிள்ளைக்குப் பெயரிட்டவர் அதன் பாட்டியாக இருப்பார். சிரிப்பு அப்பாட்டியின்மேல் விழுகின்றது.

தனித்தமிழ்க் கோட்டையைக் கட்டியவர் யார் என்பதையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. மொழிஞாயிறு பாவாணர் ஞானமுத்து என்னும் கிறித்தவப் பெருமகனாரின் மைந்தர். கிறித்தவத் திருத்தொண்டர் நடத்திய பள்ளிகளில் பயின்றும் பயிற்றுவித்தும் வளர்ந்தவர். அவர்தம் இறுதிப் பேச்சும் இம்மதுரை மண்ணிலேயே. 1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும் பற்றிப் பேசிய பின் நோயுற்று, இந்நகர் மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். அச்சிறுவன் தேவநேசன் படித்த வகுப்பில் ஓர் ஆசிரியர் அவன் சமயத்தைச் சுட்டி நாள்தோறும் எள்ளியிருந்தால், அவன் தமிழின்பால் வந்திருப்பானா, தமிழை விட்டு ஓடியிருப்பானா? கவிக்கோ அப்துல் இரகுமான் மதுரையிற் பிறந்து, தியாகராசர் கல்லூரியிற் பயின்றவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழிலக்கியத்திற்கெனப் பேராசிரியராக அமர்ந்து அவ்விலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர் இலங்கைப் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைசு. 1949-இல் அரசமைப்பு அவையில் தமிழின் பழமையையும் தகுதியையும் எடுத்துரைத்து வழக்காடியவர் காயிதே மில்லத்து இசுமாயில். இப்பெயர்களை இசுலாமியத் தமிழ்த்தொண்டு என்று தனிப்பாடமாக ஒதுக்கிவைத்து ஆண்டுக்கு ஒருநாள் நடத்துவதும் ஒருவகை ஒதுக்கலே. சீறாப்புராணம் செய்யுட் பகுதியில் வரும்பொழுது, வகுப்பிலுள்ள ஒரே இசுலாமியப் பிள்ளையை எழுப்பி "நீ சொல், உங்கள் நூல்தானே" என்னும் ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கின்றார். ஆனால் உமறுப்புலவர் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியவர் என்று மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் கற்பித்துவிடுகின்றார்.

இக்கேடு முற்றினால் என்னாகும் என்பதற்குக் கடல் கடந்து ஈழத்தைப் பார்க்கவேண்டும். தமிழரின் துயரை மட்டுமே பேசிப் பழகிய மேடைகளில் இதனையும் பேசுவதே நேர்மை. 1990 அக்டோபரில் வடமாநிலத்து இசுலாமியர், பல்லாயிரவர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30-ஆம் நாள் அவர்கட்குக் கிடைத்த பொழுது இரண்டு மணி நேரம். அவர்கள் பேசிய மொழி தமிழ். அவர்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து ஒசுமானியாக் கல்லூரியில் படித்த மொழியும் தமிழ். பள்ளியின் வாயில் அடைந்தது. இராவணனிடமிருந்து காத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் உடன்பிறந்தானைத் துரத்தினர் என்றே வரலாறு எழுதும். 2002-இல் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில் புலிகளின் அரசியல் அறிவுரைஞர் பாலசிங்கமே அதனை ஒரு பிழை என ஒப்பினார். ஒப்பியது நன்றே, ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும் புத்தளத்து அகதிக் குடிசைகளில் கழிந்துவிட்டது.

போர் முடிந்த பின்னும் அது ஆறவில்லை. திரிகோணமலைச் சண்முகா இந்து மகளிர் கல்லூரி 1923-இல் தோன்றிய புகழ்மிகு பள்ளி. 2018 ஏப்பிரலில், அங்குப் பணியாற்றிய இசுலாமிய ஆசிரியையர் தம் சமய வழக்கப்படி அங்கி அணிந்து வந்ததை எதிர்த்துப் பள்ளி வாயிலிலேயே போராட்டம் நிகழ்ந்தது. ஆசிரியையர் வேறிடம் மாற்றப்பட்டனர். 2022 பிப்பிரவரியில் ஒருவர் மீண்டபோது மீண்டும் பூசல் எழுந்தது. சேலையே பள்ளி மரபு என்றனர் ஒருசாரார். உடை எங்கள் உரிமை என்றனர் மற்றொரு சாரார். வழக்கின் இருபுறமும் எப்படியாயினும், அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்ற மாணவியர் கண்டது என்ன? பெரியோர் இருசாராய்ப் பிரிந்து நிற்கும் காட்சி. தமிழ் பேசும் இசுலாமியர் தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவது ஏன் என்று வருந்துவோர், இந்த இரண்டு வாயில்களையும் நினைக்க வேண்டும்.

சிறுபான்மை என்பது மக்கட்டொகைக் கணக்கில் மட்டும் இருப்பதன்று. கிறித்தவர் நடத்தும் பள்ளியில் பூச்சூடிப் பொட்டிட்டு வரும் சிறுமியும் அங்கே தனித்தவளே. அவளைக் குளியலறைக்கு அனுப்பிப் பொட்டை அழிக்கச் சொல்லும் வழக்கம் எங்கிருந்தாலும் அதுவும் இதே குற்றம். அரசமைப்பின் 28-ஆம் உறுப்பு, முற்றிலும் அரசுச் செலவில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கின்றது. அரசின் ஒப்புதலோ உதவியோ பெறும் எப்பள்ளியிலும் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையைச் சமய வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்கின்றது. இது எல்லார்க்கும் பொது. கலைமகள் விழாவுக்கு வகுப்பில் காசு தண்டும்பொழுது, கொடாத பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதும் ஆசிரியர் இவ்வுறுப்பைப் படித்திரார்.

கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு கிறித்தவப் பிரிவினர். நாட்டுப்பண் பாடும்பொழுது அவர்கள் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. உசாவச் சென்றோர், பிள்ளைகள் ஒழுங்குடையோர், எவ்வகை அவமதிப்பும் செய்யாதவர் என்றே எழுதினர். ஆயினும் நீக்கப்பட்டனர். 1986 ஆகசுட்டில் உச்ச அறமன்ற நடுவர் சின்னப்ப இரெட்டி, மதிப்போடு எழுந்து நிற்பவனைப் பாடாமைக்காகத் தள்ள இயலாது எனத் தீர்த்து, அம்மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தார். காலை வழிபாட்டில் கைகூப்பாது நிற்கும் பிள்ளையை முறைத்துப் பார்க்கும் தலைமையாசிரியர் ஒவ்வொருவர் மேசைமீதும் அத்தீர்ப்பு இருக்கவேண்டும்.

செய்யத்தக்கவை யாவை? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 17-ஆம் பிரிவு உடலை வருத்துதலையும் உள்ளத்தை வருத்துதலையும் ஒருங்கே தடுக்கின்றது. பிரம்பை எறிந்துவிட்ட ஆசிரியர் பலர், நாவும் பிரம்பே என்பதை இன்னும் ஒப்பவில்லை. 2023 ஆகசுட்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவன் உடன்பயில்வோராலேயே வீடுபுகுந்து வெட்டப்பட்டபின், முன்னாள் நடுவர் சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருவர் குழு 2024 சூன் 18-இல் அறிக்கை தந்தது. அது சாதிபற்றியது, எனினும் அதன் மருந்து இந்நோய்க்கும் பொருந்தும். ஐந்நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிதோறும் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடுக்கச் சொன்னது. கயிறு வேறு, நீறு வேறு என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோரிற் சிலர்க்கு உண்மையான வருத்தமும் உண்டு. அடையாளத்தை அழிப்பதைவிட அடையாளத்தைக் கண்டும் அடியாதிருக்கப் பழக்குவதே கடினமான வேலை, அதனால்தான் அதனை யாரும் முதலில் எடுப்பதில்லை.

அவ்வேலை சிறியவற்றில் தொடங்கும். இருக்கை வரிசையைத் திங்கள்தோறும் ஆசிரியரே மாற்றலாம். பிள்ளைகளிடமே விட்டால் தனித்தவன் தனித்தே இருப்பான். முறையிட்ட பிள்ளையை அடித்தவனோடு நேர்க்கு நேர் நிறுத்தி "கைகொடுங்கள்" என்று முடித்துவிடக் கூடாது. அன்று மாலையே வெளிவாயிலில் அடி இரட்டிக்கும். இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். சிரித்துக்கொண்டு சுற்றி நின்றவர்களையும் அழைக்கவேண்டும். எள்ளுபவன் எள்ளுவது அவர்கள் சிரிப்பதற்காகவே. அவர்களில் ஒருவன் சிரிக்காது எழுந்து அப்பிள்ளையின் அருகே போய் அமர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவ்வொருவனை ஆசிரியர் முன்கூட்டியே கண்டு வைத்திருக்க வேண்டும். அடித்தவனை வெளியே தள்ளுவதும் தீர்வன்று. அவன் வீட்டில் இரவு உணவின்போது பேசப்படும் பேச்சைத்தான் அவன் பள்ளியில் ஒப்பிக்கின்றான்; எனவே அவன் தந்தையையும் அழைத்து, குற்றம் சாட்டாமல், பேச வேண்டும்.

முறையீட்டுக்கெனத் தனியே ஒரு குறிப்பேடு வேண்டும். நாளும் நிகழ்ச்சியும், ஆசிரியர் செய்ததும் அதில் எழுதப்பெற வேண்டும். பள்ளியில் கேளாவிட்டால் 14417 என்னும் கல்வித்துறை உதவி எண்ணும், 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணும் உள்ளன. இரண்டையும் வகுப்புச் சுவரில், பிள்ளையின் கண்மட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். பல பள்ளிகளில் அவ்வெண்கள் தலைமையாசிரியர் அறைச்சுவரில்தான் உள்ளன. முறையிட வேண்டிய பிள்ளை அவ்வறைக்குள் எப்படி நுழையும்?

வரும் கல்வியாண்டின் தொடக்க நாளன்று, இங்கு அமர்ந்துள்ள ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வருகைப் பதிவேட்டை முன்னாள் இரவே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்வாராக. நாவுக்குப் பழகாத பெயர் எது என்று தெரியவரும். அப்பெயரைப் பிழையின்றிச் சொல்ல, அதே தெருவில் உள்ள ஒருவரைக் கேட்டுக் கற்றுக்கொண்டு மறுநாள் வகுப்புக்குச் செல்லலாம்.